பின்னால் இரண்டு தட்டு

டெல்லி சாணக்யபுரியில் நம் மாநில அரசு விருந்தினர் இல்லத்துக்கு வெளியே, வேப்பமரத்து நிழலில், மதியச் சாப்பாட்டு நேரத்தில் டிரைவர்கள் கூடுவோம். பேச்சு எங்கெங்கோ சுற்றிக் கடைசியில் பேயில் வந்து நிற்கும். ஒருவர் ஆக்ரா ரோட்டில் பார்த்ததைச் சொல்வார், இன்னொருவர் அதைவிடப் பெரிதாக ஒன்றைச் சொல்வார், நான் சாதத்தைப் பிசைந்தபடி சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். வாய்திறந்து மறுத்துப் பேச எனக்குக் கூச்சம். ஆனால் மனதுக்குள், நான் ஓட்டாத ரோடா, நான் தூங்காத காடா என்றுதான் இருக்கும். டெல்லிக்கு வருவதற்கு முன் பல வருடங்கள் லாரி ஓட்டியவன் நான். தொப்பூர் இறக்கத்தில் வெள்ளைச் சேலை நிற்கிறது என்று எல்லோரும் சொன்ன இடத்தில் வண்டியை நிறுத்தி, அடியில் பாய் விரித்துத் தூங்கியிருக்கிறேன். கொசுவைத் தவிர எதுவும் என்னைத் தொட்டதில்லை.

அப்படிப்பட்ட நான் இதை அந்த மரத்தடியில் இன்றுவரை சொல்லவில்லை. சொன்னால் சிரிப்பார்கள், இல்லையென்றால் உடனே நம்பிவிடுவார்கள், இரண்டையும் என்னால் தாங்க முடியாது. எழுதும்போது யாரும் என் முகத்தைப் பார்ப்பதில்லை, அதனால் எழுதுகிறேன். ஐந்தாம் வகுப்பு வரை படித்தவன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம்.

முதலில் சென்னியப்பனைப் பற்றிச் சொல்ல வேண்டும். எனக்கும் அவனுக்கும் ஊர் சங்ககிரி. லாரி ஓட்டிய காலம் முழுவதும் அவன்தான் எனக்குக் கிளீனர். பெரிய வண்டியைப் பின்னால் எடுக்கும்போது டிரைவருக்குப் பின்பக்கம் ஒன்றும் தெரியாது, கிளீனர் இறங்கி நின்று வண்டியின் உடம்பில் கையால் தட்டிச் சொல்வான். இரண்டு தட்டு என்றால் வரலாம். ஒரே தட்டு, அதுவும் அழுத்தமாக விழுந்தால், நில். மேட்டில் வண்டி நின்றுவிட்டால் பின் சக்கரத்துக்குக் கல் வைப்பதும் அவன் வேலை. வண்டி மறுபடி கிளம்பும்போது இரண்டு தட்டு தட்டுவான். நான் எடுத்ததும் அந்தக் கல்லை ரோட்டைவிட்டு அகற்றிப்போட்டு, ஓடிவந்து தொற்றிக்கொள்வான். கல்லை அப்படியே நடுரோட்டில் விட்டுவிட்டு வருவது பெரிய பாவம் என்பது எங்கள் தொழிலில் எல்லோரும் சொல்வது. பின்னால் வருபவன் அதில் ஏறிக் கவிழ்ந்துவிடுவான். மலைரோட்டில் அதைப் பள்ளத்துப் பக்கமும் உருட்டக் கூடாது, கீழே அடுத்த வளைவில் ஆள் இருக்கலாம், மலையோரமாகத்தான் உருட்ட வேண்டும். சென்னி ஒருபடி மேலே போவான். நம்மைத் தாங்கிய கல் என்று அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டுதான் உருட்டுவான்.

அவன் வலது மணிக்கட்டில் ஒரு செம்புக் காப்பு கிடக்கும். அதனால் அவன் தட்டினால் உள்ளங்கையின் சத்தத்தோடு காப்பு தகரத்தில் படுகிற 'டிங்' என்ற சின்னச் சத்தமும் சேர்ந்து வரும். எத்தனை லாரிகள் நிற்கிற இடத்திலும் எனக்கு அவன் தட்டு தனியாகக் கேட்கும். கேட்டால் நான் கண்ணாடியில்கூடப் பார்க்க மாட்டேன், கை கியரைப் போட்டுவிடும்.

பிறகு நான் டெல்லிக்கு வந்துவிட்டேன். ராகவன் சாரிடம் டிரைவர் வேலை. அவர் மத்திய அரசில் அதிகாரி, லோதி ரோடு பக்கம் அரசு வீடு, சொந்த ஊர் திருநெல்வேலி. ஒரே மகள் காயத்ரி, டெல்லியிலேயே பிறந்து வளர்ந்தவள். அவள் படிப்பை முடித்துவிட்டு இமாசலத்தில், மணாலியைத் தாண்டி, மலைக்கு மேலே மலை என்று இருக்கிற ஒரு சிறிய கிராமத்தில் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கப் போயிருந்தாள். ஊர்ப் பெயரை எழுதவில்லை. அவள் இப்போதும் அங்கே போய் வருகிறாள், அவளைப் பயமுறுத்துவானேன்.

குளிர்காலம் வந்தால் அந்த ரோடு மூடிவிடும். அதற்கு முன் அவளைக் கூட்டிவரலாம் என்று செப்டம்பர் கடைசியில் சாரும் நானும் அவருடைய பழைய டீசல் வண்டியில் கிளம்பினோம். சாரின் மனைவி, நான் அம்மா என்றுதான் கூப்பிடுவேன், வாசல்வரை வந்து, "வேலு, ரெண்டு பேரையும் பத்திரமாக் கூட்டிட்டு வந்துரு" என்றார்கள். பக்கத்து வீட்டுப் பஞ்சாபி அம்மாள் பம்பரில் எலுமிச்சம்பழமும் மிளகாயும் கோத்துக் கட்டினார்கள். நான் சிரித்துக்கொண்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

மலையடியில் இருந்த கடைசி டவுனுக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது முற்பகல். அங்கே சாருக்கு ஒரு கடைக்காரர் மூலமாகச் செய்தி வந்திருந்தது. காயத்ரிக்கு முந்தைய நாளிலிருந்து காய்ச்சல், அன்று காலையிலிருந்து மூச்சு விட முடியவில்லை, உதடு நீலமாக இருக்கிறது, மேலே இருக்கிற ஒரே ஜீப் பழுதாகிக் கிடக்கிறது. சார் அந்த ஊர் ஆஸ்பத்திரிக்கு ஓடினார். டாக்டர் இளவயதுக்காரர், நிதானமாகத்தான் பேசினார். நுரையீரலில் நீர் கோத்திருக்கும், அந்த உயரத்தில் வைத்துக்கொண்டு என்ன மருந்து கொடுத்தும் பயனில்லை, கீழே இறக்குவதுதான் மருந்து, இன்றே இறக்கிவிடுங்கள் என்று சொல்லி ஒரு ஆக்சிஜன் சிலிண்டரையும் கொடுத்தார்.

டாக்ஸி ஸ்டாண்டில் யாரும் வரத் தயாராக இல்லை. மலை உச்சியில் மேகம் உட்கார்ந்துவிட்டது. "கல் சுபஹ், சாப்" என்றார்கள், நாளைக் காலை. ஒரு கிழவர் மட்டும் எங்கள் வண்டியைச் சுற்றிவந்து, டெல்லி நம்பரைப் பார்த்துவிட்டு, சக்கரத்தைக் காலால் தட்டிப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார். அது எனக்கு மற்றவர்கள் சொன்னதைவிட அதிகப் பயத்தைக் கொடுத்தது.

சார் என்னைப் பார்த்தார். 'போ' என்று சொல்லவில்லை. அவர் அப்படிச் சொல்கிறவர் இல்லை. சிலிண்டரைக் குழந்தையைப் போல நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றார்.

"போலாம் சார்" என்றேன்.

"வேலு, ஒனக்கு இந்த ரோடு பழக்கம் கெடையாதே டே."

"ரோடுன்னா ரோடுதான் சார். ஏறுங்க."

இப்படிச் சொன்னேனே தவிர, ஏறத் தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே அந்த வார்த்தையைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம் போலிருந்தது. அதை ரோடு என்று சொல்வது மரியாதைக்குத்தான். மலையின் விலாவில் யாரோ ஆணியால் கீறிவிட்ட மாதிரி ஒரு கோடு, தார் கிடையாது, தடுப்புச் சுவர் கிடையாது, உருளைக்கல்லும் புழுதியும், அங்கங்கே மேலிருந்து பனித்தண்ணீர் குறுக்கே ஓடுகிறது. வலது கைப்பக்கம் மலை, இடது கைப்பக்கம் ஒன்றுமே இல்லை. கீழே ஆறு நூல் மாதிரி தெரிந்தது, பிறகு அதுவும் தெரியவில்லை. முதல் கியரிலேயே வண்டி மூச்சு வாங்கியது. சாரும் மூச்சு வாங்கினார், பேசுவதை நிறுத்திவிட்டு முன் சீட்டில் கண்ணை மூடிக்கொண்டார். எனக்குத் தலை பிளந்தது. மரம் ஒன்றுகூட இல்லாத மலையை அன்றுதான் பார்த்தேன்.

பாதிக்கு மேல் ஏறியதும் மேகத்துக்குள் நுழைந்தோம். மதியம்தான், ஆனால் விளக்குப் போட வேண்டியதாயிற்று. மழையும் பனியும் கலந்து கஞ்சி மாதிரி ஒன்று பெய்தது, புழுதி சேறாகிவிட்டது. பின் கண்ணாடி முழுவதும் சேறு, இரண்டு பக்கக் கண்ணாடிகளிலும் சேறு. முன்னால் பத்தடி தெரிந்தால் அதிகம்.

ஒரு கொண்டை ஊசி வளைவைத் தாண்டி, நல்ல ஏற்றத்தில் கொஞ்ச தூரம் போனதும், மேகத்துக்குள்ளிருந்து இரண்டு மஞ்சள் வெளிச்சம் வந்தது. மேலேயிருந்து பச்சைப் பட்டாணி மூட்டை ஏற்றி இறங்குகிற பிக்அப் வண்டி. அவனும் நின்றான், நானும் நின்றேன். மலையில் ஏறுகிற வண்டிக்குத்தான் வழி விட வேண்டும், அவன்தான் பின்னால் எடுக்க வேண்டும். ஆனால் அத்தனை பாரத்தோடு அந்தச் சேற்றில் அவன் மேலே ஏறுவது நடக்காத காரியம். ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிக் கையைக் காட்டிக் கத்தினான். பிரேக்கிலிருந்து காலை எடுத்தால் வண்டி உங்கள்மேல் வந்துவிடும், நீங்களே பின்னால் போங்கள் என்று புரிந்தது. அவனுடனும் வேறு ஆள் இல்லை.

வளைவில் கொஞ்சம் அகலம் இருந்தது, அதுவரை நான் பின்னால் போக வேண்டும். இடது பின் சக்கரம் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. சார் இறங்கிப் பார்க்கலாம் என்று கதவைத் திறந்தார், திறந்தவர் அப்படியே சாத்திவிட்டார். அந்தப் பக்கம் கால் வைக்க இடமில்லை. நான் இறங்கலாம் என்றால் கைப்பிரேக் அந்தச் சேற்றில் பிடிக்கவில்லை, காலைக் கொஞ்சம் தளர்த்தினாலே வண்டி தானாகப் பின்னால் வழுக்கியது. ஒருமுறை வழுக்கி நின்றது. அந்த ஒருமுறையில் எனக்கு என் வீடு, என் பிள்ளைகள், எல்லாம் வந்து போய்விட்டது.

"வேலு" என்றார் சார். அதற்கு மேல் அவருக்கு மூச்சு வரவில்லை. "கொழந்த" என்று மட்டும் சொன்னார்.

அப்போதுதான் பின்னால் தட்டு விழுந்தது.

இரண்டு தட்டு. உள்ளங்கைச் சத்தம், அதோடு 'டிங்'.

நீங்கள் சிரிக்கலாம். நான் அப்போது எதையும் நினைக்கவில்லை என்பதுதான் உண்மை. சேலத்து மண்டியில் வண்டியைப் பின்னால் எடுப்பதுபோல என் கை ரிவர்ஸ் போட்டது, கால் கிளட்சை விட்டது, வண்டி பின்னால் போயிற்று. இரண்டு தட்டு, வா. இரண்டு தட்டு, வா. நடுவில் தட்டு வலது பக்கத் தகரத்துக்கு மாறியது, மாறினால் அந்தப் பக்கம் ஒடி என்று எங்களுக்குள் கணக்கு, ஒடித்தேன். மறுபடி பின்கதவில் விழுந்தது, நேராக்கினேன். லாரியை விட்டு இத்தனை வருடமாகியும் கை மறக்கவில்லை.

"யாரு டே பின்னால தட்டுறது?" என்று சார் கேட்டார். இதை நான் அழுத்திச் சொல்கிறேன், அவர் கேட்டார். என் காதுக்கு மட்டும் விழுந்த சத்தம் அல்ல அது.

நான் பதில் சொல்வதற்குள் ஒரே தட்டு விழுந்தது. அழுத்தமாக. நான் பிரேக்கை மிதித்த அதே நேரத்தில் பின் சக்கரம் எதன்மேலோ முட்டி உட்கார்ந்தது. வண்டி அசையவில்லை. மெதுவாகக் காலைத் தளர்த்தினேன், அப்போதும் அசையவில்லை. பின் சக்கரத்துக்குக் கல் வைத்திருக்கிறது.

பிக்அப் மெல்ல மெல்ல இறங்கி, மலையோரமாக எங்களை ஒட்டி வந்தது. அவன் ஜன்னலும் என் ஜன்னலும் நேருக்கு நேராக வந்தபோது அவன் நிறுத்தி, நெஞ்சில் கை வைத்து நன்றி சொன்னான். சின்ன வயது, கன்னமெல்லாம் குளிரில் வெடித்திருந்தது. பிறகு என் வண்டியின் பின்பக்கம் கையைக் காட்டி, கொஞ்சம் கோபமாகவே சொன்னான்.

"உஸ்தாத், அப்னே ஆத்மி கோ அந்தர் பிடாவோ. நங்கே பைர் கடா ஹை."

உன் ஆளை உள்ளே ஏற்றிக்கொள், வெறுங்காலோடு நிற்கிறான் என்று அர்த்தம். சொல்லிவிட்டுக் கீழே போய்விட்டான்.

நான் திரும்பிச் சாரைப் பார்த்தேன், சார் என்னைப் பார்த்தார். இரண்டு பேரும் பின்னால் திரும்பவில்லை. திரும்பியிருந்தாலும் சேற்றுக் கண்ணாடிதான். கூப்பிட வேண்டும் என்று வாயைத் திறந்தேன், என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுவேன் என்பதும் எனக்குத் தெரிந்திருந்தது. பெயர் வரவில்லை. அதற்குள் பின்னால் இரண்டு தட்டு.

'டிங்' என்று காப்பு.

எடு, போலாம் என்று அர்த்தம். எடுத்துவிட்டேன். முதல் கியர், அரை கிளட்ச், வண்டி ஒரு உறுமலோடு மேலே ஏறியது, நான் அப்புறம் கிராமத்தில்தான் நிறுத்தினேன்.

அங்கே கல்வீடு ஒன்றில், மாட்டுச்சாணம் எரிகிற அடுப்புப் பக்கத்தில் காயத்ரியைச் சுவரில் சாய்த்து உட்கார வைத்திருந்தார்கள். படுத்தால் மூச்சு முட்டுகிறதாம். அவள் நெஞ்சுக்குள்ளிருந்து கேட்ட சத்தத்தை இன்று நினைத்தாலும் எனக்குப் பிடிப்பதில்லை, ஹூக்காவில் தண்ணீர் கொப்பளிக்கிற மாதிரி. சார் அவள் முகத்தில் ஆக்சிஜனை வைத்துப் பிடித்துக்கொண்டார். அவள்தான் பேசினாள்.

"அப்பா, ரோட் பந்த்னு சொன்னாங்க. நீங்க எப்படி வந்தீங்க?"

"வேலு கூட்டியாந்தான்மா."

"தேங்க் யூ அங்கிள்" என்றாள் அந்த மூச்சிலும். நான் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பிறகு வெளியே வந்து வண்டியைச் சுற்றிப் பார்த்தேன். யாரும் இல்லை.

அவளைப் பின் சீட்டில் சாரின்மேல் சாய்த்து உட்காரவைத்து உடனே இறங்கினோம். மேகம் கலைந்திருந்தது, கடைசி வெயில் எதிர்மலையில் மட்டும் பட்டது. நான் அந்த இடத்தை எதிர்பார்த்துக்கொண்டே வந்தேன். கொண்டை ஊசி வளைவுக்குச் சற்று முன்னால், வெளியோரத்துச் சக்கரத்தடத்தில் ஒரு கல் இருந்தது. ஒரு ஆள் இரண்டு கையாலும் தூக்குகிற அளவு, ஒருபக்கம் தட்டை, தட்டைப்பக்கம் கீழே, சரிவுமுனை மேலே பார்த்து. எங்கள் தொழிலில் எப்படி வைப்போமோ அப்படி.

"என்னாச்சு அங்கிள்?" என்றாள் காயத்ரி, நான் நிறுத்தியதும்.

"கல்லும்மா. எடுத்துப் போட்டுட்டு வந்துடறேன்."

சார் ஜன்னல் பக்கமிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

இறங்கிப் போனேன். கல்லுக்குப் பின்னால் ஒரு சாண் தரைதான் இருந்தது. அதற்குப் பின்னால் மலை முடிந்துவிட்டது. ஒரு சாண். சேற்றில் வேறு தடம் ஏதாவது இருக்கிறதா என்று நான் தேடவில்லை, எனக்குத் தைரியம் இல்லை. கல்லைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன், என் வாழ்நாளில் அன்றுதான் நான் அதைச் செய்தேன், எப்போதும் சென்னிதானே செய்வான். பிறகு அதை மலையோரமாக உருட்டிவிட்டு வந்து வண்டியை எடுத்தேன்.

காயத்ரி பிழைத்துக்கொண்டாள். இரவு தங்கியிருந்தால் சொல்வதற்கில்லை என்றார் டாக்டர். ஆஸ்பத்திரி வராந்தாவில் சார் என் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். தட்டு பற்றி ஒரு வார்த்தை இல்லை. டெல்லிக்குத் திரும்பும் வழியில், எங்கோ பஞ்சாபில், வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போது, "சரளைக் கல்லு அடிச்சிருக்கும், என்ன?" என்றார். "ஆமா சார்" என்றேன். அவ்வளவுதான், இன்றுவரை அவர் அதை எடுத்ததில்லை.

என் மனதில் ஓடியது வேறு. நீங்கள் இப்போது என்ன நினைக்கிறீர்களோ அதைத்தான் நானும் நினைத்தேன். சென்னி போய்விட்டான். அந்த நேரத்தில் சங்ககிரியில் அவன் உயிர் போயிருக்கிறது, போகிற வழியில் வந்திருக்கிறான். டவுனிலேயே போனில் சிக்னல் வந்துவிட்டது, என்னால் அழைக்க முடியவில்லை. நம்பரை எடுப்பேன், பார்ப்பேன், பையில் போட்டுக்கொள்வேன். கெட்ட செய்தி தானாக வரட்டும் என்று விட்டுவிட்டேன். வீட்டில் என் மனைவியிடம்கூடச் சொல்லவில்லை.

டெல்லிக்கு வந்து சில நாள் கழித்து அம்மாவைக் கரோல் பாகுக்குத் துணி வாங்கக் கூட்டிப்போனேன். அவர்கள் கடைக்குள் போய்விட்டார்கள். பார்க்கிங்கில் நிறுத்திவிட்டு உட்கார்ந்திருந்தேன். வண்டியைக் கொஞ்சம் பின்னால் எடு என்று பார்க்கிங்காரன் பின்கதவில் இரண்டு தட்டு தட்டினான். என் கை தானாகக் கியருக்குப் போய்விட்டது. இனி தாங்காது என்று சென்னியை அழைத்தேன்.

எடுத்தது அவன் மகன். "அப்பாங்களா?" என்றான். பிறகு ஒன்றும் சத்தமில்லை. அந்த இடைவெளியில் நான் ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டேன்.

"ஏனுங்ணா, டெல்லி ராசா! பொங்கல் தீவாளி இல்லாம இன்னிக்கென்ன எங்க நெனப்பு?"

சென்னியின் குரல்தான். எனக்கு அழுகை வந்துவிட்டது, இருமுவதுபோலச் செய்து மறைத்தேன்.

"சும்மாதான் சென்னி. நல்லா இருக்கியா?"

"எனக்கென்னங்ணா. பையன் பஞ்சர் கடைக்கு வச்ச கல்லாட்டம் உக்காந்திருக்கறேன். நகர முடியுமா?"

இதை நான் முன்பே சொல்லியிருக்க வேண்டும். சென்னிக்குச் சர்க்கரை முற்றி வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள், சில வருடங்கள் ஆகின்றன. பாத்ரூம் போகக்கூட மகன்தான் தூக்க வேண்டும்.

"ஒடம்பு எப்படி?"

"ஒடம்பு நல்லாத்தானுங்ணா இருக்குது. ஆனா ஒரு கூத்தக் கேளுங்க. இல்லாத காலு வெறைக்குது. போன வாரத்துல இருந்து. பனிக்கட்டியில நிக்கறாப்பல இருக்குது. டாக்டருகிட்டக் கேட்டா காலு போனவங்களுக்கு அப்படியெல்லாம் தோணுமுங்கறாரு. இந்தப் பையன் சிரிக்கறான், எந்தக் காலுக்கப்பா சாக்ஸ் போட்டு உடறதுங்கறான்."

பின்னால் மகன் சிரிப்பது கேட்டது. நானும் சிரித்தேன், சிரிப்பு மாதிரி ஒரு சத்தம் வந்தது. மலைக்குப் போனதை நான் அவனிடம் சொல்லவில்லை. வேறு யார் மூலமும் அவனுக்குத் தெரிந்திருக்க வழியும் இல்லை. வைத்துவிடலாம் என்று, "சரி சென்னி, அம்மா வந்துட்டாங்க" என்றேன். அவர்கள் வரவில்லை.

"செரிங்ணா, பாத்து ஓட்டுங்க" என்றான். பிறகு, மறந்துபோன சாமானைக் கேட்பதுபோலச் சாதாரணமாகக் கேட்டான்.

"ஏனுங்ணா, அந்தக் கல்ல மலையோரமாத்தான உருட்டுனீங்க? பள்ளத்துப் பக்கம் இல்லீங்களே?"

எந்தக் கல் என்று நான் கேட்டிருக்க வேண்டும். வேறு யாராக இருந்தாலும் கேட்டிருப்பார்கள்.

"மலையோரமாத்தான் சென்னி" என்றேன்.

"அப்பச் செரிங்ணா" என்று வைத்துவிட்டான்.

அதற்குப் பிறகு எத்தனையோ முறை பேசிவிட்டோம். அவனும் எடுக்கவில்லை, நானும் கேட்கவில்லை. கேட்டால் ஏதோ பழைய லாரிக் கதையைச் சொல்லி, அந்தக் கல்லைத்தான் கேட்டேன் என்று சொல்லிவிடுவானோ என்று பயம். அப்படிச் சொல்லாமல் இருந்துவிடுவானோ என்று அதைவிடப் பயம்.

போன சித்திரையில் சங்ககிரியில் வெயில் கொளுத்துகிறது என்று அவன் மகன் சொன்னான். கடைத் தகரத்தில் கை வைக்க முடியவில்லையாம். அந்த வெயிலிலும் அப்பா இல்லாத காலுக்குப் போர்வை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார் என்றான். அந்தக் குளிர் அவனுக்கு இன்னும் விடவில்லை.

எனக்கு அன்றைய நடப்பு ஒவ்வொன்றும் நினைவிருக்கிறது. இரண்டு தட்டு விழுந்தது, நான் வண்டியை எடுத்தேன். எடுத்த பிறகு கிளீனர் கல்லை அகற்ற வேண்டும், ஓடிவந்து ஏற வேண்டும், அதற்காக டிரைவர் கொஞ்சம் மெதுவாகப் போக வேண்டும். நான் அன்று மெதுவாகப் போகவில்லை. கல்லும் அங்கேயே கிடந்தது.

அவன் ஏறினானா என்று நான் பார்க்கவில்லை.